வீட்டு வைஃபை ரூட்டரே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்: வேலூரில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

கொசப்பேட்டையில் எங்கள் வீடு மூன்று தளம். கீழே ஆயா (பாட்டி), நடுவில் நாங்கள், மேலே தம்பி குடும்பம். ஆயாவுக்கு முழங்கால் வலி, படியேற முடியாது. ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டுவார். மிக்ஸி ஓடினால் அதுவும் கேட்காது. ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். வயதான விரல் வறண்டிருக்கும், திரை தொடுவதை உணராது. ஐந்தாறு முறை தேய்த்துவிட்டு, "இது எனக்கு வாணாம்பா" என்று தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். கடைசியில் பரணில் கிடந்த லேண்ட்லைன் போனையும் ஒரு பழைய ரூட்டரையும் வைத்து வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் போட்டேன். அதைப் பார்த்துவிட்டுச் சத்துவாச்சாரி, காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் என்று சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ரூட்டர் எப்படிப்பா எக்ஸ்சேஞ்ச் ஆகும்?

ரூட்டர் என்பது கையடக்கமான ஒரு கம்ப்யூட்டர். செயலி, நினைவகம் இரண்டும் உள்ளே இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் லினக்ஸும் ஓடுகிறது. 2002 கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டரில் லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள், லினக்ஸின் உரிமப்படி அதன் மூல நிரலை வெளியிடச் சொல்லிக் கேட்டு 2003இல் வாங்கினார்கள். அதை அடித்தளமாக வைத்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. கம்பெனி போட்டுக் கொடுத்த மென்பொருளை எடுத்துவிட்டு இதை ஏற்றினால் நமக்கு வேண்டிய நிரல்களை ரூட்டரிலேயே நிறுவலாம்.

எக்ஸ்சேஞ்ச் வேலையைச் செய்வது ஆஸ்டெரிஸ்க் என்ற நிரல். அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சின்னக் கம்பெனிக்கு டெலிபோன் அமைப்பு வாங்கக் கட்டுப்படியாகாமல் 1999இல் தானே எழுதியது. காசில்லாதவர் கையில் பிறந்த நிரல் என்பதாலோ என்னவோ, இன்றைக்கும் இலவசமாகத்தான் கிடைக்கிறது. யாருக்கு எந்த எண், எந்த எண்ணை அழுத்தினால் எந்தப் போன் மணியடிக்க வேண்டும் என்பதை இது பார்த்துக்கொள்கிறது. போன்கள் இதனுடன் பேசும் முறைக்கு சிப் (SIP) என்று பெயர்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?

வாட்ஸ்அப் போதும் என்பவர்களுக்கு இது வேண்டாம். மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன். ஸ்மார்ட்போனைக் கையாள முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால்தான் இதன் அருமை தெரியும். ரிசீவரை எடுத்தால் மறுமுனையில் ஆள் வர வேண்டும். அவர்களுக்குத் தேவை அவ்வளவுதான்.

இன்னொரு காரணம், வாட்ஸ்அப் அழைப்பை ஏற்பாடு செய்யும் சர்வர் வெளியே எங்கோ இருக்கிறது. மாடியில் இருக்கும் தம்பியைக் கூப்பிடவும் இணையம் வேண்டும். தெருவில் சாக்கடைக்குத் தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் அன்றைக்கு அதுவும் போச்சு. ரூட்டரிலேயே எக்ஸ்சேஞ்ச் இருந்தால் வீட்டுக்குள் பேச வெளி இணைப்பே தேவையில்லை. போன வருஷம் எங்கள் தெருவில் மூன்று நாள் இணையம் இல்லை. அந்த மூன்று நாளும் ஆயா போன் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

எந்த ரூட்டர் வாங்கணும்? கனெக்ஷன் கொடுத்தவங்க வெச்ச பெட்டி போதாதா?

அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். ஃபைபர் சிக்னலை மாற்றித் தரும் கருவி அது. பெரும்பாலும் பூட்டியே இருக்கும், பெட்டியும் அவர்களுக்குச் சொந்தம். அதற்குப் பின்னால் லேன் கேபிளில் உங்கள் சொந்த ரூட்டரை மாட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ஃபிளாஷ் (நிரல்களைச் சேமிக்கும் இடம்) எவ்வளவு, ரேம் (நினைவகம்) எவ்வளவு என்று பாருங்கள். ஃபிளாஷ் 4 எம்பி, ரேம் 32 எம்பி உள்ள பழைய மலிவு ரூட்டர்கள் ஆகவே ஆகா. 8 எம்பிக்கு 64 எம்பியும் மூச்சுத் திணறும். ஃபிளாஷ் 16 எம்பி, ரேம் 128 எம்பி, கூடவே ஒரு யுஎஸ்பி போர்ட் இருந்தால் நிம்மதி. இடம் போதாவிட்டால் பென்டிரைவில் விரித்துக்கொள்ளலாம். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7இன் இரண்டாம் பதிப்பு இந்த அளவில் வருவது. பழைய சாமான் கடையிலோ அலுவலகம் காலி செய்பவர்களிடமோ கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பதிப்பு எண்ணைப் படியுங்கள். ஒரே பெயரில், ஒரே அட்டைப்பெட்டியில், உள்ளே வேறு சில்லு வைத்து விற்பார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியின் சாதனப் பட்டியலில் உங்கள் மாடலும் அந்தப் பதிப்பு எண்ணும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

மென்பொருள் மாத்தும்போது கெட்டுப் போயிடுமா?

போகலாம். ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ரூட்டர் உயிரில்லாத செங்கல்தான். இன்வர்ட்டரில் மாட்டிக்கொண்டு, வைஃபை வழியாக இல்லாமல் கேபிள் வழியாக ஏற்றுங்கள். பல மாடல்களில் மீட்டெடுக்கும் வழி உண்டு. அதை முதலிலேயே படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆஸ்டெரிஸ்க் போட்டாச்சு. மணி அடிக்குது, எடுத்தா கட் ஆயிடுது. ஏன்?

இதே இடத்தில் நான் இரண்டு ராத்திரி முழித்திருக்கிறேன். பெரிய கம்ப்யூட்டரில் ஆஸ்டெரிஸ்க் மொத்தமாக ஒரே மூட்டையாக இறங்கும். ரூட்டரில் இடம் குறைவு என்பதால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிப் பேச ஒரு துண்டு, குரலைக் கடத்த ஒரு துண்டு, இரண்டு அழைப்பை இணைக்கும் பாலத்துக்கு ஒரு துண்டு என்று ஒவ்வொன்றாக நிறுவ வேண்டும். நான் பாலத்தை விட்டுவிட்டேன். மணி அடித்தது, எடுத்ததும் இரண்டு முனையையும் சேர்க்க ஆளில்லாமல் அறுந்தது. ஆஸ்டெரிஸ்க்கின் பதிவேட்டை (லாக்) திறந்து பார்த்திருந்தால் முதல் ராத்திரியே தெரிந்திருக்கும்.

பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிப் பேசுவதற்கென்று அவற்றில் சான்-சிப் என்று வரும் பகுதி ஆஸ்டெரிஸ்க் 21ஆம் பதிப்பிலிருந்து அடியோடு நீக்கப்பட்டது. இப்போது அந்த வேலைக்கு பிஜேசிப்தான். இரண்டின் அமைப்புக் கோப்புகளும் வேறு வேறு.

பரண்ல கிடக்குற லேண்ட்லைன் போன் ஆகுமா?

ஆகும். எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

நடுவில் ஏடிஏ என்ற அடாப்டர் வேண்டும். ஒரு பக்கம் லேன் கேபிள், மறுபக்கம் டெலிபோன் ஒயர். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801இல் ஒரு போன் மாட்டலாம், எச்டி802இல் இரண்டு. மலிவான ஸ்மார்ட்போனைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பட்டன் போன் எதுவானாலும் வேலை செய்யும். விரலை விட்டுச் சுற்றும் போன் வைத்திருப்பவர்கள், சுற்று டயலை ஏற்கும் ஏடிஏதானா என்று கேட்டு வாங்குங்கள்.

இதில் ரிசீவரை எடுத்ததும் தானாக டயல் செய்யும் வசதி இருக்கிறது. ஆயா எண் எதையும் அழுத்துவதில்லை. ரிசீவரை எடுத்து நான்கு விநாடி சும்மா இருந்தால் போதும், நடுவீடு, மேல்மாடி, என் செல்போன், தம்பி செல்போன் நான்கும் ஒரே நேரத்தில் மணியடிக்கும். முதலில் எடுப்பவருக்கு இணைப்பு போகும், மற்றவை அடங்கிவிடும். அந்த நான்கு விநாடிக்குள் ஏதாவது எண்ணை அழுத்தினால் அந்த எண்ணுக்கு மட்டும் போகும். முதல் நாள் நான்கு பக்கமும் மணி அடித்ததைக் கேட்டுவிட்டு ஆயா, "இன்னாடா, ஊரையே கூப்புடுது" என்றார். அதற்கப்புறம் கரண்டி சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

ஒயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் லேண்ட்லைன் இருந்த காலத்து இரட்டைக் கம்பி சுவரோரமாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஏடிஏவிலிருந்து அதில் இணைத்தால் புதிதாகச் சுவரைக் குடைய வேண்டியதில்லை. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் முனையை முதலில் கழற்றிவிட வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைனில் 48 வோல்ட் இருக்கும், மணியடிக்கும்போது இன்னும் ஏறும். கழற்றாமல் மாட்டினால் ஏடிஏ புகைந்துபோகலாம்.

எந்தெந்த நம்பர் வைக்கலாம்?

இரண்டு இலக்கம் வையுங்கள். 11, 12, 21, 31 என்று தளத்தையும் அறையையும் சேர்த்தால் சுலபமாக மனதில் நிற்கும்.

மூன்று இலக்கம் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதலில் 101இலிருந்து வரிசையாகக் கொடுத்தேன், மேல்மாடி படுக்கையறைக்கு 108 வந்தது. ஒரு மாசம் கழித்துத் தம்பி மனைவிதான், "ராத்திரி யாராவது பதற்றத்துல இந்தப் போன்ல 108 அடிச்சா ஆம்புலன்ஸுக்குப் போகாது, எங்க ரூமுக்குத்தான் வரும்" என்றார். அன்றைக்கே எல்லா எண்ணையும் மாற்றினேன். 100, 101, 108, 112 இவற்றை வீட்டு எண்ணாக வைக்கவே கூடாது.

அப்போ இந்தப் போன்ல 108 கூப்பிட முடியாதா?

முடியாது. இது வீட்டுக்குள் மட்டும். ஆயா பக்கத்தில் சார்ஜ் போட்ட பட்டன் செல்போன் ஒன்றும் எப்போதும் இருக்கிறது. வீட்டுப் போனில் 108ஐயோ 112ஐயோ அழுத்தினால், "செல்போனில் கூப்பிடுங்கள்" என்று என் குரலிலேயே பதிவுசெய்த தகவல் ஒலிக்கும், அதே சமயம் வீட்டிலுள்ள எல்லாப் போனும் மணியடிக்கும். இதை அமைக்காமல் எந்த வீட்டிலும் நான் வேலையை முடிப்பதில்லை.

எங்க செல்போனை எப்படிச் சேர்க்கறது?

லின்போன், சொய்ப்பர் போன்ற செயலி ஒன்றை நிறுவி, ரூட்டர் முகவரி, வீட்டு எண், பாஸ்வேர்டு மூன்றையும் கொடுத்தால் முடிந்தது. ஆண்ட்ராய்டிலேயே முன்பு சிப் வசதி இருந்தது, 12ஆம் பதிப்போடு எடுத்துவிட்டார்கள். பத்து நிமிஷம் கழித்து மணி அடிக்காமல் போவதுதான் எல்லோரும் சொல்லும் புகார். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது. அமைப்புக்குப் போய் அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை விலக்குங்கள். சில கம்பெனிப் போன்களில் இதையும் மீறித் தூங்கும். அதனால்தான் ஒயரில் மாட்டிய போன் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது இருக்கட்டும் என்கிறேன்.

குரல் நல்லா இருக்குமா? நெட் எல்லாம் தின்னுடுமா?

லேண்ட்லைன் தரம் என்பது ஜி.711 என்ற கோடெக், அதாவது குரலை எண்களாக மாற்றும் முறை. விநாடிக்கு 64 கிலோபிட் குரல், அதைப் பொட்டலம் கட்டி அனுப்பும் உறைகளும் சேர்ந்து ஒரு திசைக்குக் கிட்டத்தட்ட 87 கிலோபிட். இன்றைய வைஃபைக்கு இது தூசு. இந்தியாவில் இதன் ஏ-லா வகைதான் பழக்கம். எல்லாப் போனிலும் அதையே தேர்ந்தெடுங்கள். ஒரு போன் ஒரு கோடெக், இன்னொரு போன் வேறு கோடெக் என்றால் நடுவில் ரூட்டர் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். பல ரூட்டர் செயலிகளில் தசமக் கணக்குக்கென்று தனி வன்பொருள் இல்லை, இரண்டு அழைப்புக்கே திணறிவிடும். மொழிபெயர்ப்பு இல்லையென்றால் ஒரு வீட்டுக்கு வரும் அழைப்புகளைச் சாதாரண ரூட்டரே சுலபமாகச் சமாளிக்கும்.

வீட்டுக்குள் குரல் விட்டுவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் காரணம் சுவர்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது சோர்ந்துபோகும். மாடிப் போன்களை 2.4க்கு மாற்றிப் பாருங்கள்.

நான் பேசறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசறது எனக்குக் கேக்கல.

இணையத் தொலைபேசியின் ஆதி நோய் இது. சிப் செய்திக்குள்ளேயே "குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று எழுதியிருக்கும். வீட்டுக்குள் இருக்கும் போன் தன் வீட்டு முகவரியைத்தான் எழுதும். 192.168 என்று தொடங்கும் அந்த முகவரி வெளியுலகத்துக்குத் தெரியாது. கடிதத்தில் ஊரும் தெருவும் இல்லாமல் "மேல்மாடி, வலப்பக்க அறை" என்று மட்டும் எழுதித் தபால்பெட்டியில் போட்ட மாதிரி. இதைத் திருத்துகிறேன் என்று சில ரூட்டர்களில் சிப் ஏஎல்ஜி என்றொரு வசதி இருக்கும். அது பாதி திருத்திப் பாதி கெடுக்கும், நிறுத்திவிடுங்கள். எல்லாப் போனும் ஒரே வீட்டு வலைக்குள் இருக்கும்வரை இந்த நோய் வராது. வெளியூர்ப் போன்களைச் சேர்க்கும்போதுதான் தலைதூக்கும்.

பையன் பெங்களூர்ல இருக்கான். அவனும் இதுல பேச முடியுமா?

முடியும். வீட்டு ரூட்டருக்கு வெளியிலிருந்து வர ஒரு வழி வேண்டும், சிக்கல் அங்கேதான். ரூட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், உங்களுக்கென்று தனி முகவரி இல்லை, பலர் ஒரே முகவரியைப் பகிர்கிறீர்கள் என்று பொருள். நடுவில் கம்பெனிக்காரர் பெட்டி இருந்தால் அந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். இப்படிப் பகிர்ந்த முகவரிக்கு வெளியிலிருந்து யாரும் நேரே வந்து சேர முடியாது. ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி கிடைத்தால் அந்த வழியாகப் போகலாம். இல்லையென்றால் வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, வீட்டு ரூட்டரும் பையன் போனும் வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை) வழியாக அதில் சந்தித்துக்கொள்ளும்படி அமைக்கலாம். 25 விநாடிக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று தட்டிச் சொல்ல வைத்தால் பாதை மூடாது.

கரண்ட் வந்த பிறகு விபிஎன் மட்டும் இணையாமல் இருந்தால் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் கடிகார பேட்டரி கிடையாது. எழுந்ததும் பழைய தேதியில் இருக்கும். வயர்கார்டு, முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரம் போட்டு வரும் அழைப்பை மறுத்துவிடும். இணையத்தில் நேரம் சரிபார்த்த பிறகே விபிஎன் தொடங்கும்படி வையுங்கள்.

துபாயில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். அமீரகத்தில் அனுமதி பெறாத இணையத் தொலைபேசிக்குத் தடை இருக்கிறது. அதைத் தாண்ட விபிஎன் போட்டுத் தரும் வேலையை நான் செய்வதில்லை. வேலைக்குப் போன இடத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

விபிஎன் எதுக்கு? போர்ட்டைத் திறந்து விட்டா போதாதா?

வேண்டாம். சிப்புக்கு வாசலான 5060ஆம் போர்ட் திறந்திருந்தால் தேடியலையும் நிரல்கள் வந்து 100, 101 என்று ஒவ்வொரு எண்ணாகப் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடும். உள்ளே புகுந்தால், வெளி லைன் இருக்கும் வீட்டில் உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசுவார்கள். எண்ணையே பாஸ்வேர்டாக வைக்கும் பழக்கத்தை வீட்டுக்குள்ளும் விட்டுவிடுங்கள்.

சட்டப்படி இது தப்பில்லையே?

வீட்டுக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காமில் தப்பில்லை. வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் இறக்கி, உள்ளூர் சிம் வழியாகவோ லைன் வழியாகவோ பிறருக்கு அனுப்பிவிடுவது வேறு. அது சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச், குற்றம். இதில் காசு வரும் என்று யாராவது ஆசை காட்டினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஃபைபர் கனெக்ஷனோடு வரும் 0416 லேண்ட்லைன் எண்ணையும் எச்டி813 மாதிரி வெளி லைனையும் மாட்டக்கூடிய ஏடிஏவில் சேர்த்து, வெளியிலிருந்து வரும் அழைப்பை எல்லா அறையிலும் ஒலிக்கச் செய்யலாம். அப்போது, இணையம் வழியாக வந்து அந்த லைனில் வெளியே டயல் செய்யும் பாதை திறந்திருக்கக் கூடாது.

கரண்ட் போனா? வெயிலுக்குத் தாங்குமா?

நம்மூரில் கேட்க வேண்டிய கேள்வி. ரூட்டரும் ஏடிஏவும் சேர்ந்து 10 வாட் சுமாருக்கு இழுக்கும், மாசத்துக்கு ஏழு யூனிட். 12 வோல்ட் ரூட்டர் யுபிஎஸ் சின்னதாகக் கிடைக்கிறது. ஏடிஏ பெரும்பாலும் 5 வோல்ட், எனவே இரண்டு வோல்ட்டும் தரும் யுபிஎஸ்ஸாகப் பாருங்கள். ரூட்டருக்கு மட்டும் கரண்ட் இருந்து ஏடிஏ செத்துக் கிடந்தால் பிரயோஜனமில்லை.

வீட்டு ரூட்டர்களை 40 டிகிரி வரைக்கும்தான் என்று சொல்லி விற்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியே அதைத் தாண்டும், மொட்டை மாடிப் படிக்கட்டு அறைக்குள் கேட்கவே வேண்டாம். சிக்னல் நன்றாகப் போகும் என்று அங்கே வைத்தவர்கள் மதியம் இரண்டு மணிக்கு ரூட்டர் தானாக அணைந்து எழுவதாகச் சொன்னார்கள். கீழ்த்தளத்துக்கு இறக்கினோம், நின்றுவிட்டது. அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள்.

ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ் வெச்சிருக்கோம், இருபது ரூம். ரூட்டர் போதுமா?

போதாது. அதே ஆஸ்டெரிஸ்க்கை ஒரு பழைய கம்ப்யூட்டரில் போடுங்கள். வைத்தியத்துக்கு வந்து தங்குபவர்கள் ராத்திரி வரவேற்பறையைக் கூப்பிட நம்பியிருக்கும் போன் அது.

குடியாத்தம் பக்கம் நிலத்துல பம்ப்செட் கொட்டகைக்கு ஒரு போன் வைக்கலாமா?

லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. ஏடிஏவை வீட்டிலேயே வைத்து, டெலிபோன் ஒயரை இழுத்தால் அதைவிடத் தூரம் போகும். மண்ணுக்கடியில் குழாயில் கொண்டுபோங்கள். மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்டால், இடி இறங்கும் காலத்தில் ஏடிஏவோடு ரூட்டரும் போய்விடும். ஒயருக்கு முனையில் மின்னல் காப்பும் நல்ல எர்த்தும் அவசியம்.

நீ ஊர்ல இல்லாதப்போ கெட்டுப்போனா யாரு பாக்கறது?

அமைத்து முடித்ததும் அமைப்புக் கோப்புகளைப் பிரதி எடுத்துப் பென்டிரைவில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் கவருக்குள் வைத்துவிடுவேன். கூடவே ஒரு தாள்: ரூட்டர் முகவரி, பாஸ்வேர்டு, எந்த எண் எந்த அறை, எந்த ஒயர் எங்கே போகிறது. எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். எங்கள் வீட்டுத் தாளின் முதல் வரி: "ஆயா போன் அடிக்கவில்லை என்றால், முதலில் கீழே போய் ஆயாவைப் பார். பிறகு ரூட்டரைப் பார்."